எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – வாசகர் கேள்விகளும் விடைகளும்

‘அன்பார்ந்த தொகுதி மக்களுக்கு’ என்று தொடங்கும் துண்டறிக்கைகளும் வாட்ஸ்அப் செய்திகளும் பல எம்.எல்.ஏ.க்களிடமிருந்து இப்போது அடிக்கடி வருகின்றன. நிதி ஒதுக்கினேன், சட்டமன்றத்தில் பேசினேன், அமைச்சரிடம் மனு கொடுத்தேன் என்ற வரிகளுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஊரக வளர்ச்சி, வருவாய், சட்டமன்ற நடைமுறை ஆகியவற்றை அறிந்தவர்கள் சேர்ந்து எழுதிய விடைகள் கீழே.

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ.வின் ஓராண்டு அறிக்கையில் ‘தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடியும் முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. இந்தப் பணம் அவர் கைக்கு வருமா? எங்கள் தெருவுக்கு ரேஷன் கடைக் கட்டடம் கேட்டால் கிடைக்குமா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

பணம் அவர் கைக்கு ஒருபோதும் வராது. 1997-98-இல் தொடங்கிய சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இதை நடத்துவது ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை. எம்.எல்.ஏ. செய்வது பரிந்துரை மட்டும்தான். பரிந்துரை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார், பிறகு டெண்டர், பணி ஆணை, வேலை, அளவீடு, பில் என்று நகரும். நிதியின் மேல் கடைசி அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்பதற்கு 2020-ஐ நினைத்துப் பார்த்தால் போதும்: கொரோனாப் பணிகளுக்காக ஒவ்வொரு தொகுதியின் நிதியிலிருந்தும் 1 கோடி ரூபாயை அரசே எடுத்துக்கொண்டது.

உங்கள் கோரிக்கை நிறைவேறுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் நிலம்தான். பரிந்துரைக் கடிதம் கொடுத்த பிறகு ஆண்டு முழுவதும் நகராமல் கிடக்கும் பணிகளில் பெரும்பகுதி இங்கேதான் சிக்குகிறது. கட்டடம் வரவேண்டிய இடம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். ‘கோயில் பக்கத்தில் காலி இடம் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் பயனில்லை. அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) வி.ஏ.ஓ.விடம் கேட்டு, கிராம நிலங்களின் ‘அ’ பதிவேட்டில் அது எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குளம், வாய்க்கால், ஏரி உள்வாய் என்று நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கே கட்டடம் கூடாதென்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது, எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறையின் இசைவு வேண்டும். சாலையோரம் பயணியர் நிழற்குடை கேட்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்: இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கல்கூட வைக்க முடியாது.

அடுத்தது, கடை வேறு, கடைக் கட்டடம் வேறு. தொகுதி நிதியில் கட்டடம் கிடைக்கும். புதிய கடை திறக்கவோ, பெரிய கடையைப் பிரித்துப் பகுதிநேரக் கடை அமைக்கவோ உணவு வழங்கல் துறையும் கூட்டுறவுத் துறையும் அனுமதிக்க வேண்டும், அதற்கு மனு தனி. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் கட்டடம் எழும்பிப் பூட்டியே கிடக்கும், அல்லது அனுமதி வந்து வாடகைக் கொட்டகையில் கடை ஓடும். அங்கன்வாடி, பள்ளி வகுப்பறை, துணை சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இந்த நிதியால் ஒரு பணியாளரைக்கூடத் தர முடியாது.

மூன்றாவது, பராமரிப்பு. உயர்கோபுர மின்விளக்கும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும் எல்லா ஊரும் கேட்கும் பணிகள், சீக்கிரம் பாழாகும் பணிகளும் அவையே. மின் கட்டணத்தையும், இயந்திரத்தின் வடிகட்டி மாற்றும் செலவையும் ஊராட்சி ஏற்க வேண்டும். அதற்கு ஊராட்சித் தீர்மானம் இல்லாமல் பொருத்தப்பட்டவை பழுதானால் சரிசெய்ய ஆள் இருக்காது. எனவே எம்.எல்.ஏ.விடம் போகும்போது புல எண், ‘அ’ பதிவேட்டு நகல், இடத்தின் புகைப்படம், ‘பராமரிப்பை ஊராட்சி ஏற்கும்’ என்ற தீர்மான நகல் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான குக்கிராமங்கள் இருக்கும். 3 கோடி எல்லாவற்றுக்கும் எட்டாது. உடனே எஸ்டிமேட் போடக்கூடிய நிலையில் இருக்கும் கோரிக்கைதான் பட்டியலில் மேலே ஏறும்.

கேள்வி: சரி, பணி முடிந்ததாகச் சொல்கிறார்கள். தரம் எப்படி இருக்கிறது, எவ்வளவு செலவானது என்று எங்களால் பார்க்க முடியுமா? – அதே ஊரிலிருந்து இன்னொரு வாசகர்

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலே போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம்.

கேட்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘ஏன் தரமில்லாமல் கட்டினீர்கள்?’ என்று எழுதினால் ‘இது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இன்ன நிதியாண்டில் இன்ன தொகுதிக்கு எம்.எல்.ஏ. பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், குறிப்பிட்ட பணியின் நிர்வாக அனுமதி ஆணை, எஸ்டிமேட், பணி ஆணை, எம்.புக் என்று அவர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பணி முடிவுச் சான்று. இவற்றில் எம்.புக்தான் முக்கியம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று அளந்து பில் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து ஒப்பிடலாம். சிமென்ட் சாலையின் ஓரத்தில் கனத்தை அளக்க பொறியாளர் படிப்பு தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. எம்.எல்.ஏ. ‘அது என் கையில் இல்லை’ என்கிறார். தட்டிக் கழிக்கிறாரா? – சங்கராபுரம் வாசகி

சாலை யாருடையது என்று தெரியாமல் சொல்ல முடியாது. மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை. கல்லே இல்லாத சாலையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் கேட்டால் நீளத்தோடு சொல்லிவிடுவார்கள்.

ஒன்றிய, ஊராட்சிச் சாலைகளுக்கு எம்.எல்.ஏ. தன் நிதியிலிருந்தே பரிந்துரைக்கலாம். மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு அவர் கோட்டப் பொறியாளரிடமும் அமைச்சரிடமும் வற்புறுத்தலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. மூலம் போவதே வழி. அங்கே எம்.எல்.ஏ.வின் கடிதம் துணைக் கடிதம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாலை போடச் சொல்வதற்கு முன் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையோ பாதாளச் சாக்கடை வேலையோ அந்தத் தெருவுக்கு அனுமதியாகி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அனுமதியாகி இருந்தால், குழாய் பதித்து மண் இறுகும் வரை சாலைக்குப் பொறுத்திருப்பதே மேல். இல்லாவிட்டால் போட்ட சாலையை மூன்றே மாதத்தில் வெட்டுவார்கள், வெட்டிய பள்ளத்தை ஜல்லி கொட்டி மூடிவிட்டுப் போவார்கள், மழை வந்ததும் உள்வாங்கும்.

கேள்வி: பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. எம்.எல்.ஏ.விடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் வேலை நடக்குமா? – மணப்பாறை வாசகர்

அந்த அலைச்சல் வேண்டாம். பட்டா என்பது வருவாய்த் துறை சட்டப்படி முடிவெடுக்கும் விஷயம். ஆவணம் சரியில்லாத இடத்தில் எந்தக் கடிதமும் உதவாது. ஆவணம் சரியாக இருந்தால் கடிதமே தேவையில்லை.

முதலில் விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பாருங்கள். நிராகரித்திருந்தால் காரணம் அங்கே இருக்கும். பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் வரும். உங்களுக்கு விற்றவர் பெயரிலேயே பட்டா இல்லாமல், அவருடைய அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். இதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்) வேண்டும். அல்லது பத்திரத்தில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாது. அல்லது உட்பிரிவு செய்ய சர்வேயர் அளக்க வந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபித்திருப்பார். காரணத்தைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பியுங்கள். தாசில்தாரின் உத்தரவே தவறு என்று நினைத்தால் 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புக் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் (டி.ஆர்.ஓ.) சீராய்வு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான் முடிவு சொல்ல முடியும்.

எம்.எல்.ஏ.வுக்கு இதில் ஒரு வேலை உண்டு, ஆனால் அது உங்கள் ஒருவருக்கான கடிதம் அல்ல. ஒரு வட்டத்தில் சர்வேயர் பணியிடங்கள் காலியாகக் கிடந்து நூற்றுக்கணக்கான உட்பிரிவு விண்ணப்பங்கள் தேங்கினால் அதைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோய் ஆள் போட வைக்க அவரால் முடியும். உங்களைப் போன்றவர்கள் சேர்ந்து விண்ணப்ப எண், தேதியோடு ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுங்கள். தனி மனுவாக ஒதுங்கிப்போகிற விஷயம் அப்போது தொகுதிப் பிரச்சினை ஆகிவிடும்.

கேள்வி: ‘உங்கள் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் எழுப்பினேன், அமைச்சர் ஆவன செய்வதாகச் சொன்னார்’ என்று எம்.எல்.ஏ. வீடியோ போட்டிருக்கிறார். இனி வேலை நடந்துவிடும் என்று நம்பலாமா? – பேராவூரணி வாசகர்

எழுப்பியது நல்ல தொடக்கம்தான். எந்த வடிவத்தில் எழுப்பினார், என்ன பதில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறும்.

கேள்வி நேரத்தில் எழுத்தில் கொடுத்து எழுப்பிய வினாவுக்குத் துறை கோப்பைப் பார்த்துப் பதில் தயாரிக்கும். ஒரு துணை சுகாதார நிலையம் தரம் உயர்த்தப்படுமா என்ற வினாவுக்கு ‘கருத்துரு அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால், மாவட்டத்திலிருந்து கருத்துரு, அதாவது அதற்கான முன்மொழிவு, மேலே போயிருக்கிறது என்று பொருள். ‘அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை’ என்றால் வேலை மாவட்ட அளவிலேயே தொடங்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே அடுத்து எங்கே போவது என்று தெரிந்துவிடும். கவன ஈர்ப்பு, அவசரப் பிரச்சினைக்கானது. மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவது வேறு மாதிரி: ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் நாளில், தொகுதிக்கு வேண்டியதை வரிசையாகச் சொல்வார்கள். அமைச்சர் கடைசியில் பதிலுரை கூறி, புதிய அறிவிப்புகளையும் வெளியிடுவார். அந்த அறிவிப்புப் பட்டியலில் உங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் அது பெரிய முன்னேற்றம். பேச்சில் மட்டும் இருந்தால் இன்னும் வரிசையில் நிற்கிறீர்கள்.

அறிவிப்பு வந்த பிறகும் தூரம் உண்டு. அறிவிப்புக்கு அரசாணை வர வேண்டும், அரசாணையில் நிதி குறிப்பிடப்பட வேண்டும், பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். எனவே எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ‘வேலை எப்போது?’ என்று கேட்பதைவிட ‘அரசாணை எண் என்ன, தேதி என்ன?’ என்று கேளுங்கள். எண் இருந்தால் துறையின் இணையதளத்தில் நகல் எடுத்து, எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பில் என்று நீங்களே படித்துக்கொள்ளலாம்.

அவையில் அமைச்சர் ‘செய்யப்படும்’ என்று திட்டவட்டமாகச் சொன்னால் அதற்குப் பெயர் உறுதிமொழி. அதைப் பின்தொடரவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நிறைவேறாமல் நிலுவையில் உள்ளவற்றைக் குறித்து அந்தக் குழு துறைகளிடம் கேட்கும், மாவட்டங்களுக்கு நேரில் வந்தும் ஆய்வு செய்யும். உங்கள் எம்.எல்.ஏ. பெற்ற பதில் உறுதிமொழியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்பவற்றைவிட ‘இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்’ என்பதற்குப் பலம் அதிகம்.

கேள்வி: சட்டமன்ற மனுக்கள் குழு எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது என்று செய்தித்தாளில் அறிவிப்பு பார்த்தோம். அதில் எதைக் கொடுக்கலாம்? – அரூர் வாசகி

பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினைகளைக் கொடுக்கலாம்: பாலம், சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், பேருந்து வசதி போன்றவை. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். தமிழில் எழுதி, அறிவிப்பில் கேட்ட எண்ணிக்கையில் நகல்கள் வையுங்கள். வழக்கமாக ஐந்து கேட்பார்கள். கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும்.

தனிநபர் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், பணியிட மாற்றம், அதிகாரிகள் மீதான புகார் இவற்றை இந்தக் குழு எடுத்துக்கொள்ளாது. தெரியாமல் பட்டா மனுவோடு வரிசையில் நின்று ஏமாந்து திரும்பும் முதியவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள். தெரிந்தவர்கள் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எத்தனை மனு கொடுத்தும் பதில் இல்லை. எப்படி எழுதினால் எடுபடும்? – பரமக்குடி வாசகர்

பதில் வராத மனுக்களில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பார்த்தால், அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வது என்றே புரியாதபடி இருக்கும். ‘எங்கள் ஊருக்கு எந்த அடிப்படை வசதியும் இல்லை, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அதை எந்தத் துறைக்கு அனுப்புவது? பத்துக் கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதினால் அது ஏதாவது ஒரு துறைக்குப் போகும். அவர்கள் தங்களுக்கு உரிய ஒன்றுக்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள், மீதி ஒன்பதும் அத்தோடு காணாமல் போகும்.

ஒரு தாளுக்கு ஒரு கோரிக்கை. முதல் வரியிலேயே வட்டம், ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம். அடுத்து என்ன குறை, எத்தனை குடும்பங்களுக்கு, எவ்வளவு காலமாக. பிறகு யார் என்ன செய்ய வேண்டும். உதாரணமாக: ‘மேற்குத் தெருவில் 64 வீடுகள். மேல்நிலைத் தொட்டி பழுதாகி மூன்று மாதமாகத் தண்ணீர் ஏறவில்லை. பி.டி.ஓ.விடம் இன்ன தேதியில் மனு, எண் இன்னது. நீர்மூழ்கி மோட்டார் மாற்ற வேண்டும் என்று ஒன்றியப் பொறியாளர் சொன்னார். அதற்கு நிதி ஒதுக்கப் பரிந்துரைக்கக் கேட்கிறோம்.’ இப்படி எழுதினால் படிப்பவர் மேசையிலேயே முடிவெடுக்கலாம். முன்பு கொடுத்த மனுவின் எண்ணைச் சேர்ப்பது அவசியம். இது புதுமனு அல்ல, தீராத பழைய மனு என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்ற முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை மனுவுக்கும் 1100 தொலைபேசியில் பதிவு செய்யும் குறைக்கும் பதிவு எண் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

எம்.எல்.ஏ.விடம் கொடுப்பதற்கு முன் கிராமசபைத் தீர்மானம் வாங்கிவிட்டால் மனுவுக்குப் பலம் பல மடங்கு கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராமசபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள். இந்த இரண்டு நாள்களும் பின்னால் சேர்ந்தவை என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. குறைந்தபட்ச வருகை, மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேராமல் கூட்டம் கலைந்தால் தீர்மானமும் போச்சு. முதல்நாளே வீடு வீடாகச் சொல்லி அழைத்து வாருங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக்கென்று கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்கு இடம் தராதீர்கள்.

27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலத்திலும் கிராமசபை கூடியாக வேண்டும். மக்கள் தீர்மானம் போட மிச்சமிருக்கும் ஒரே இடம் அதுவே என்பதால் அத்தகைய காலத்தில் அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். வீட்டு வரி எகிறுமா? எம்.எல்.ஏ.வால் தடுக்க முடியுமா? – திருச்செங்கோடு பகுதி வாசகர்

வரி மாறும். ஊராட்சியின் வீட்டு வரிக்குப் பதில் நகராட்சியின் சொத்து வரி வரும், அதை அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது சென்னையின் பழைய பகுதிகள் நீங்கலான இடங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று பரப்புக்கேற்ப உயர்த்தினார்கள். ஆகவே உங்கள் வீட்டின் பரப்பு சரியாகப் பதிவாகிறதா என்பதில் கண்ணாக இருங்கள். அளக்க வரும்போது கூடவே நின்று, திண்ணையையும் தகரக் கொட்டகையையும் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். வீட்டின் முன்னறையில் சின்னக் கடை இருந்தால் வீடு முழுவதையும் வணிகப் பயன்பாடு என்று எழுதிவிடுவதும் உண்டு. தவறு இருந்தால் ஆணையரிடம் சீராய்வு மனு கொடுக்கலாம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழியும்.

வரியைவிட அதிகம் பேசப்பட வேண்டியது ஊரக வேலை உறுதித் திட்டம். அது ஊராட்சிப் பகுதிக்கு மட்டுமே உரியது. ஊராட்சி நகர்ப்புறமாகிவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு இது ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதி. இணைப்பை எதிர்ப்பவர்கள் இந்த எண்ணிக்கையை முன்வைக்க வேண்டும்: எத்தனை வேலை அட்டைகள், எத்தனை பேர் கடந்த ஆண்டு வேலை செய்தார்கள், எவ்வளவு பரப்பு விவசாய நிலம்.

இணைப்பு அரசின் முடிவு. எம்.எல்.ஏ. தனியாகத் தடுக்க முடியாது, ஆனால் துறை அமைச்சரிடம் அவருடைய கருத்துக்கு எடை உண்டு. அரசின் உத்தேச அறிவிக்கை வந்ததும் அதில் சொன்ன காலக்கெடுவுக்குள் எழுத்துப்பூர்வ ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராமசபைத் தீர்மானத்தை இணையுங்கள், நகலை எம்.எல்.ஏ.வுக்கும் கொடுங்கள். சாலை மறியல் செய்துவிட்டு ஆட்சேபணை அனுப்பாமல் விட்டால் கோப்பில் உங்கள் எதிர்ப்பு இருக்காது.

கேள்வி: ரயில்வே கேட்டில் மேம்பாலம் வருகிறது என்று ஒவ்வொரு அறிக்கையிலும் வருகிறது. தண்டவாளத்துக்கு மேலே பாலம் நிற்கிறது, இரண்டு பக்கமும் இறக்கம் இல்லை. இதில் எம்.எல்.ஏ. வேலை எது? – விருதுநகர் மாவட்ட வாசகர்

தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்க அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் எண் ஒரு லட்சத்தைத் தாண்டினால் செலவை இருவரும் பாதிப்பாதி ஏற்பது வழக்கம். ரயில்வே தன் இடத்திலேயே கட்டுவதால் அந்தப் பகுதி முதலில் எழும்பிவிடும். அணுகுசாலைக்குத் தனியார் நிலம் எடுக்க வேண்டும், தாமதம் அங்கேதான்.

ஆகவே இறக்கம் இல்லாமல் நிற்கும் பாலத்துக்கு எம்.பி.யை மட்டும் கேட்டுப் பயனில்லை. இது மாநில அரசின் வேலை, எம்.எல்.ஏ. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம். அவரிடம் இதைக் கேளுங்கள்: நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் 15(2) பிரிவு அறிவிப்பு (நில உரிமையாளரிடம் முதலில் விளக்கம் கேட்பது) எத்தனை புல எண்களுக்குப் போயிருக்கிறது, அதன் பிறகு நிலத்தை எடுப்பதற்கான 15(1) அறிவிக்கை வந்துவிட்டதா, இழப்பீட்டுத் தொகை கருவூலத்துக்கு வந்துவிட்டதா, நில உரிமையாளர் யாராவது நீதிமன்றம் போயிருக்கிறாரா. அறிவிப்பு நின்றிருந்தால் கோளாறு நிலமெடுப்புத் தாசில்தார் அலுவலகத்தில், பணம் நின்றிருந்தால் தலைமைச் செயலகத்தில், வழக்கு நின்றிருந்தால் அரசு வழக்கறிஞரிடம். மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு.

கேள்வி: 2022-இல் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் 10 கோரிக்கைகள் கேட்டாரே, எங்கள் தொகுதிப் பட்டியலைப் பார்க்க முடியுமா? – பொள்ளாச்சி வாசகி

அந்த ஆண்டு ஆகஸ்டில் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் போனது. தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார்கள். தொகுதி நிதிக்குள் அடங்காத பெரிய வேலைகளுக்கான பட்டியல் அது. அது கலெக்டர் அலுவலகத்தில் உள்ள ஆவணம், தகவல் உரிமைச் சட்டத்தில் நகலும், ஒவ்வொரு கோரிக்கையின் இன்றைய நிலையும் கேட்கலாம். உங்கள் ஊர்க் கோரிக்கை அதில் இருந்தால், புதிதாக மனு எழுதும்போது அந்த வரிசை எண்ணைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தேர்தல் தேதி அறிவித்ததும் எங்கள் சமுதாயக்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். விதி அப்படியா? – செய்யாறு வாசகர்

வேலை களத்தில் உண்மையாகவே தொடங்கியிருந்தால் நிறுத்த வேண்டியதில்லை, தொடரலாம். முடிந்த வேலைக்கு, அதிகாரிகள் சரிபார்த்துத் திருப்தி அடைந்தால் பணம் தரவும் தடையில்லை. பணி ஆணை மட்டும் கொடுத்து, தளத்தில் வேலை தொடங்காமல் இருந்தால் தேர்தல் முடியும் வரை தொடங்கக் கூடாது. தொகுதி நிதியில் புதிதாக எதற்கும் அனுமதியும் தரக் கூடாது. உங்கள் கூடத்துக்கு அடித்தளம் தோண்டி அளவு பதிவாகியிருந்தால், பணி ஆணையின் நகலையும் எம்.புக் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் வேலையைத் தொடர எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்ததாரர் பில் வராது என்ற பயத்தில் தானாகவே ஆட்களை அனுப்பிவிடுவதும் உண்டு. அதனால் நிறுத்தச் சொன்னது யார் என்பதை முதலில் பி.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.